அரங்கிலும் திரையிலும் பிரிமோ கார்னெரா

 

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, எங்கள் ஊருக்கு அடுத்த ஊரிலிருந்த கூரைக் கொட்டகையில் ஹெர்குலிஸ் படமொன்று திரையிட்டார்கள். மணலைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் அமர்ந்து பார்த்தோம். ஆங்கில வசனம் எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. அது விளங்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஹெர்குலிஸ் செல்லும் வழியில் மலைபோன்ற ஓர் அரக்கன் குறுக்கே வந்து நிற்கிறான். ஹெர்குலிஸ் அவனைத் தூக்கித் தரையில் அறைகிறான். அறையுந்தோறும் அவன் முன்னிலும் மிக்க வலிவோடு எழுந்து வருகிறான். அவன் மண்மகளின் மைந்தன். நிலத்தைத் தொட்டால் புதுப்பலம் பெறுவான் என்பது கிரேக்கர்களின் பழங்கதை. ஆன்டியஸ் என்பது அவன் பெயர். இறுதியில் நிலத்தைத் தொடவிடாமல் உயரத் தூக்கிய பின்னரே ஹெர்குலிஸுக்கு வெற்றி கிட்டுகிறது. கொட்டகை முழுவதும் கைதட்டி ஆரவாரித்தது. நானும் தட்டினேன்.

அந்த அரக்கனாக நடித்தவர் யார் என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அறிந்தேன். அவர் வெறும் துணைநடிகர் அல்லர். ஒரு காலத்தில் உலகக் குத்துச்சண்டையின் தலைமைப் பட்டத்தைத் தாங்கியிருந்தவர். இத்தாலி நாட்டவர். பிரிமோ கார்னெரா என்பது அவர் பெயர். அவருடைய வாழ்க்கையையும், திரைப்படங்களில் அவர் தோன்றிய வரலாற்றையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லவும் முடியாது. ஏனெனில், அரங்கில் இவருக்கு நிகழ்ந்தவையெல்லாம் திரையில் ஒருமுறையேனும் திரும்ப நிகழ்ந்திருக்கின்றன. சில வேளைகளில் திரையில் முதலில் நிகழ்ந்து, பின்னர் அரங்கில் நிகழ்ந்ததும் உண்டு.

குத்துச்சண்டைக்கும் சலனப் படத்திற்கும் உள்ள உறவு மிகப் பழையது. அமெரிக்காவில் எடிசனின் படப்பிடிப்புக் கூடத்திலே 1894ஆம் ஆண்டிலேயே, அன்றைய உலக வீரரான ஜேம்ஸ் கார்பெட்டைச் சண்டையிடச் செய்து படம் பிடித்தார்கள். சிறிய மேடை, இரண்டே மனிதர்கள், ஓயாத அசைவு. அந்நாளைய படப்பெட்டிக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி வேறு எது? குத்துச்சண்டையில் எடையைக் கொண்டு பிரிவுகள் வகுத்துள்ளனர். அவற்றுள் ஹெவிவெயிட் என்னும் பெரும்பிரிவுக்கு மேல்வரம்பு கிடையாது. எவ்வளவு கனமானவனும் அதில் இறங்கலாம். ஆகவே அப்பிரிவில் வென்றவனையே உலகத்தின் மகா பலசாலி என்று மக்கள் கருதினர். பட முதலாளிகளும் அவனையே தேடிச் சென்றனர்.

கார்னெரா 1906ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள், இத்தாலியின் வடகிழக்கிலுள்ள பிரியூலிப் பகுதியில், செக்வால்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். நம் வீடுகளில் மொசைக் தளம் என்று சொல்கிறோமே, அத்தகைய கல்பதிக்கும் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. அவ்வூர்த் தொழிலாளர்கள் ஐரோப்பாவின் பல நகரங்களுக்கும் சென்று மாளிகைகளுக்கும் கோயில்களுக்கும் தளம் அமைத்தவர்கள். கார்னெராவின் தந்தையும் அத்தொழிலைச் செய்தவரே. இத்தாலிய மொழியில் பிரிமோ என்றால் முதலாமவன் என்பது பொருள். மூத்த மகன் ஆகையால் அப்பெயர்.

வறுமை காரணமாகப் பள்ளிப்படிப்பு நிலைக்கவில்லை. சிறுவயதிலேயே பிரான்சு நாட்டுக்குப் பிழைக்கப் போனார். தச்சுவேலை பழகினார்; கூலிவேலையும் செய்தார். உடலோ கேட்பாரற்று வளர்ந்துகொண்டே போயிற்று. உரிய பருவத்தில் ஆறடி ஐந்தரை அங்குலத்திற்கும் மேல் உயர்ந்து நின்றார். எடை 260 இராத்தலைத் தாண்டியது. கிலோக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 120. அத்தகைய உடலுக்கு உணவு தேட வேண்டுமே! ஊர் ஊராகச் சுற்றும் சர்க்கஸ் கூட்டமொன்று அவரைச் சேர்த்துக்கொண்டது. பலசாலி வேடம் பூண்டு பளு தூக்குவது, வருவோர் போவோருடன் மல்யுத்தம் செய்வது ஆகியவை அவருடைய வேலை. அந்த வேலையே அவருடைய வாழ்நாள் முழுவதற்கும் தலையெழுத்தாக அமைந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கூடாரம் மாறிற்று, கூட்டம் மாறிற்று, அவரை வேடிக்கை பார்த்த கண்கள் மட்டும் மாறவில்லை.

1928ஆம் ஆண்டு, பிரெஞ்சுக் குத்துச்சண்டை வீரராக முன்னர் விளங்கிய போல் ஜூர்னே என்பவர் சர்க்கஸில் இருந்த அவரைக் கண்டார். லியோன் சே என்னும் மானேஜரிடம் அழைத்துச் சென்றார். அதே ஆண்டு செப்டம்பரில் கார்னெரா பாரிஸ் நகரில் முதல் சண்டையில் இறங்கினார், வென்றார். காலையூன்றி நிற்கும் முறையையும் கையை வீசும் முறையையும் ஒருவன் கற்றுத் தேர ஆண்டுகள் ஆகும். இவருக்கு வாரங்களே வாய்த்தன. பயிற்சி ஆசிரியனாக இருந்து பழகியவன் நான். அரிச்சுவடி முடியுமுன்னே மேடையேற்றப்பட்ட பிள்ளை என்ன பாடுபடும் என்பதை அறிவேன்.

1930ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் முதற்சண்டை. முதற்சுற்றிலேயே எதிரி வீழ்ந்தான். பிறகு ஊர் ஊராகச் சண்டை. எங்கும் வெற்றி. ‘நடக்கும் மலை’ என்று பத்திரிகைகள் பெயர் சூட்டின. ஆனால் இந்த வெற்றிகளின் பின்னணி தூய்மையானதன்று. அக்காலம் அமெரிக்காவில் மதுவிலக்கு நடைபெற்ற காலம். கள்ளச்சாராயக் கும்பல்கள் பெரும்பணம் சேர்த்து, குத்துச்சண்டைத் தொழிலிலும் கையை நுழைத்திருந்தன. ஓனி மாடன் போன்ற கும்பல் தலைவர்கள் கார்னெராவின் வருமானத்தில் பங்குதாரர் ஆயினர். எதிரிகள் பலர் பணத்துக்கோ அச்சுறுத்தலுக்கோ இணங்கித் தாமே விழுந்தனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. சில சண்டைகள் ஏற்பாட்டின்படி நடந்தவையே என்று சேயே பிற்காலத்தில் எழுதினார். இவற்றையெல்லாம் கார்னெரா எவ்வளவு அறிந்திருந்தார்? தம் வெற்றிகள் மெய்யானவை என்றே அவர் கடைசிவரை சொல்லிவந்தார். ஆங்கிலம் அறியாத இளைஞர். கணக்குப் புத்தகம் பிறர் கையில். ஈட்டிய பொருளில் பெரும்பகுதி அவரை வந்து சேரவேயில்லை.

1933ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் எர்னி ஷாஃப் என்னும் இளைஞருடன் கார்னெரா சண்டையிட்டார். பதின்மூன்றாம் சுற்றில் ஷாஃப் வீழ்ந்தார். அடி ஒன்றும் பலமாகப் படவில்லையே என்று கருதிய கூட்டம், ‘மோசடி, மோசடி’ என்று கூவிற்று. ஷாஃப் எழவில்லை. நான்காம் நாள் மருத்துவமனையில் உயிர் நீத்தார். அவருக்கு வயது 24. நோயுற்று முழுதும் தேறாத உடலோடு அவர் மேடையேறினார் என்பதும், ஆறு மாதத்துக்கு முன் மாக்ஸ் பேர் என்னும் வீரரிடம் கடுமையான அடி வாங்கியிருந்தார் என்பதும் பின்னர் வெளிவந்தன. எனினும், கொன்றவர் என்ற பெயர் கார்னெராவுக்கே வந்தது. அதைவிட வெறுக்கத்தக்க செயல், அச்சாவையே அவருடைய குத்தின் வலிமைக்குச் சான்றாகக் காட்டி நுழைவுச்சீட்டு விற்க முற்பட்டதாகும்.

நான்கு மாதம் கழித்து, ஜூன் 29ஆம் நாள், ஜாக் ஷார்க்கியை ஆறாம் சுற்றில் வீழ்த்தி கார்னெரா உலகப் பட்டத்தை அடைந்தார். மாண்டுபோன ஷாஃபின் நண்பர்தாம் இந்த ஷார்க்கி. இந்தச் சண்டையையும் சந்தேகித்தவர் உளர். தாம் விட்டுக்கொடுக்கவில்லை என்று ஷார்க்கி மறுத்தார். இத்தாலியில் முசோலினி மகிழ்ந்தார். வேட்டையில் சிக்கிய சிங்கம்போல் கார்னெராவை நாட்டின் பெருமைக்குச் சின்னமாக்கிக் காட்டினார். அவ்வாண்டு அக்டோபரில் ரோம் நகரில், முசோலினியின் முன்னிலையில், ஸ்பெயின் நாட்டு உஸ்குதுன் என்பவரைப் பதினைந்து சுற்றுகளில் கார்னெரா வென்றார்.

இனித் திரைக்கு வருவோம். அதே 1933ஆம் ஆண்டில் மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்தார் ‘தி பிரைஸ்ஃபைட்டர் அண்ட் தி லேடி’ என்றொரு படம் எடுத்தார்கள். கதாநாயகன் மாக்ஸ் பேர். கதாநாயகி மிர்னா லாய். கார்னெரா உலக வீரர் கார்னெராவாகவே வருகிறார். முந்தைய உலக வீரர் ஜாக் டெம்சியும் படத்தில் உண்டு. கதைப்படி இறுதிச் சண்டையில் கார்னெரா பேரிடம் தோற்கவேண்டும். ‘உலக வீரன் நான், படத்தில்கூடத் தோற்கமாட்டேன்’ என்று கார்னெரா மறுத்துவிட்டார். ஆகவே கதையைத் திருத்தி, சண்டையை வெற்றி தோல்வியின்றி முடித்தார்கள். இதைப் பிடிவாதம் என்று நகைத்தவர் பலர். எனக்கோ நகைக்கத் தோன்றவில்லை. தம் வாழ்க்கையில் ஒரு முடிவைத் தாமே தீர்மானிக்க அவருக்கு வாய்த்த இடங்கள் மிகச் சில. அவற்றுள் இது ஒன்று.

ஆனால் அப்படப்பிடிப்பிலே வேறொன்று நடந்தது. நாள்தோறும் காமிராவின் முன்னே கார்னெராவுடன் சண்டையிட்டு நடித்த பேர், அவருடைய அசைவுகளையெல்லாம் நன்கு கவனித்து வைத்துக்கொண்டார். எந்தக் கையை எப்போது இறக்குகிறார், எந்தப் பக்கம் காவலின்றி விடுகிறார் என்பதெல்லாம் மனப்பாடம் ஆயிற்று. படம் நவம்பரில் வெளிவந்தது. 1934 ஜூன் 14ஆம் நாள் இருவரும் மெய்யாகவே பட்டத்துக்காகச் சந்தித்தனர். மெய்ச்சண்டையில் கதையைத் திருத்த எவரும் இல்லை. கார்னெரா மீண்டும் மீண்டும் வீழ்ந்தார். பதினொரு முறை வீழ்ந்தார் என்று எண்ணியவர்கள் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எழுந்தார். பதினோராம் சுற்றில் நடுவர் சண்டையை நிறுத்தினார். பட்டம் பேருக்குச் சென்றது. கார்னெரா வெறும் போலி என்று எழுதுகிறவர்களைக் கண்டால், நான் ஒன்றே கேட்பேன்: போலிக்கு ஒருமுறை வீழ்ந்தால் போதாதா? பத்து முறை எழுந்தது எதற்காக?

அந்தப் படத்தைப் பற்றி மற்றொரு செய்தி. பேருடைய தந்தைவழியில் யூத இரத்தம் இருந்தது. ஜெர்மானிய வீரர் மாக்ஸ் ஷ்மெலிங்கை 1933இல் எதிர்த்தபோது, யூதர்களின் ஆறுமுனை விண்மீனைத் தம் கால்சட்டையில் அணிந்துகொண்டு அவரை வென்றவர் பேர். ஆகவே அவர் நாயகனாக நடித்த அப்படத்தை ஹிட்லரின் ஆட்சி ஜெர்மனியில் தடை செய்துவிட்டது.

1935 ஜூன் 25ஆம் நாள் கார்னெரா நியூயார்க்கில் ஜோ லூயிஸ் என்னும் இளம் நீக்ரோ வீரரை எதிர்த்தார். நீக்ரோ என்பது அந்நாளைய வழக்கு. இன்று நாம் கறுப்பின அமெரிக்கர் என்று சொல்லவேண்டும். முசோலினி எத்தியோப்பியாவின்மேல் படையெடுக்க ஆயத்தம் செய்துகொண்டிருந்த நேரம் அது. மேடையில் நின்ற இரு மனிதர்களையும் இரண்டு நாடுகளாகவே மக்கள் கண்டனர். ஆறாம் சுற்றில் லூயிஸ் வென்றார். கறுப்பின மக்கள் வாழும் வீதிகளில் கொண்டாட்டம் நடந்தது. கார்னெரா எத்தியோப்பியாவைக் கனவிலும் நினைத்திருக்கமாட்டார். எவருடைய கொடியையோ சுமந்து அவர் அடி வாங்கினார்.

அதன்பின் இறக்கமே. 1936இல் ஒரு சண்டையின் முடிவில் கால் ஒன்று செயலற்றுப்போய் மருத்துவமனையில் கிடந்தார். அவரைச் சூழ்ந்திருந்த கூட்டம் கலைந்தது. நீரிழிவு நோய் பற்றியது. 1938இல் ஒரு சிறுநீரகத்தை அகற்ற நேர்ந்தது. 1939இல் பீனா என்னும் அம்மையாரை மணந்தார். அஞ்சல் நிலையத்தில் பணிபுரிந்த பெண்மணி அவர். ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர். மகன் பிற்காலத்தில் மருத்துவர் ஆனார். போர் நடந்த ஆண்டுகளில் இத்தாலியப் படங்கள் சிலவற்றில் தோன்றினார்; பிளாசெட்டி இயக்கிய ‘லா கொரோனா தி ஃபெர்ரோ’ அவற்றுள் ஒன்று. போர் முடிந்தபோது கையில் பொருளில்லை. மீண்டும் குத்துச்சண்டையில் இறங்கித் தோற்றார்.

1946இல் அமெரிக்காவுக்குத் திரும்பி மல்யுத்த வீரர் ஆனார். சர்க்கஸில் தொடங்கிய தொழிலுக்கே மீண்டார் என்று சொல்லலாம். இம்முறை வருமானம் அவர் கைக்கே வந்தது. 1953இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். கலிபோர்னியாவில் கடையும் உணவு விடுதியும் வைத்து நடத்தினார்.

பட உலகமும் அழைத்தது. ஆனால் எதற்காக அழைத்தது என்று பாருங்கள். 1949இல் வெளிவந்த ‘மைட்டி ஜோ யங்’ படத்தில், மாபெரும் மனிதக்குரங்கு ஒன்றுடன் பத்துப் பலசாலிகள் வடம் இழுக்கிறார்கள். கார்னெரா அவர்களுள் ஒருவர். பிறகு அவர் தனியே குரங்கைக் குத்த முற்படுகிறார்; அது அவரைத் தூக்கி எறிகிறது. அந்தக் குரங்கு மெய்க் குரங்கன்று. சிறு பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே படமெடுத்து உயிரூட்டிய அற்புதம் அது. வில்லிஸ் ஓபிரியனும் ரே ஹாரிஹௌசனும் செய்த அவ்வேலையின் சிறப்பால் படத்திற்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. உலக வீரர் பட்டம் பெற்ற மனிதர், மனிதர்களிடம் தோற்றது போதாதென்று, பொம்மைக் குரங்கிடமும் தோற்றார்! ‘பிரின்ஸ் வேலியன்ட்’ படத்தில் கொடியவன் வேடம். காரோல் ரீட் இயக்கிய ‘எ கிட் ஃபார் டூ ஃபார்திங்ஸ்’ என்னும் 1955ஆம் ஆண்டுப் படத்தில் மலைப்பாம்பு என்ற பட்டப்பெயர் தாங்கிய மல்லர். 1959இல் நான் கொட்டகையில் கண்ட ஆன்டியஸ்.

இவ்விடத்தில் என் பள்ளிக்கூட நினைவு ஒன்று வருகிறது. ஒன்பதாம் வகுப்பில் வயதுக்கு மீறி வளர்ந்த மாணவன் ஒருவன் இருந்தான். ஆண்டுவிழா நாடகம் என்றால் அவனுக்கு இரணியன் அல்லது கும்பகர்ணன். ஆசிரியர்களாகிய நாங்கள் வேறு எதையும் எண்ணிப் பார்த்ததில்லை. ஓராண்டு அவன் என் அறைக்கு வந்து, தயங்கித் தயங்கி, ‘ஐயா, இந்தத் தடவை புலவர் வேடம் தருவீர்களா? பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம்’ என்றான். வேடங்கள் பங்கிடப்பட்டுவிட்டன என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த ஆண்டு அவன் நாடகத்துக்குப் பெயர் கொடுக்கவில்லை. கார்னெராவும் ஓய்வு நேரத்தில் இசை நாடகங்களை விரும்பிக் கேட்டவர் என்று படித்தபோது, எனக்கு அந்த மாணவனின் முகமே நினைவுக்கு வந்தது.

கார்னெரா நடிக்காத படம் ஒன்றுதான் அவரை மிகவும் வருத்தியது. பட் ஷுல்பர்க் என்னும் எழுத்தாளர் 1947இல் ‘தி ஹார்டர் தே ஃபால்’ என்ற நாவலை எழுதினார். தென்னமெரிக்காவிலிருந்து அழைத்து வரப்பட்ட அப்பாவிப் பேருடலன் ஒருவன், சண்டை அறியான், பொய் வெற்றிகளால் ஏற்றப்படுகிறான், மேடையில் ஒருவன் மாள்கிறான், முடிவில் மெய்வீரனிடம் நொறுங்குகிறான். பெயர் டோரோ மொரேனோ. யாருடைய கதை என்று எவருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை. 1956இல் கொலம்பியா நிறுவனம் இதைப் படமாக்கிற்று. ஹம்ஃப்ரி போகார்ட் நடித்த கடைசிப் படம் இது. அந்த மெய்வீரன் வேடத்தில் நடித்தவர் யார் தெரியுமா? மாக்ஸ் பேரே! 1934இல் கார்னெராவை உள்ளபடியே வீழ்த்திய அதே மனிதர், இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப்பின் கார்னெராவின் நிழலைத் திரையில் வீழ்த்தினார். மாண்டவனை உண்மையில் கொன்றது என் கைதான் என்று அப்பாத்திரம் பெருமை பேசுகிறது. ஷாஃபின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு அக்காட்சி கசக்கும். மெய்யான பேர் அவ்வளவு கொடியவர் அல்லர். 1930இல் தம் கையால் ஒருவர் மாண்ட துயரம் அவரை நெடுங்காலம் வருத்தியது.

சண்டைகளெல்லாம் முடிந்தபின் டோரோவுக்குச் சேரவேண்டிய பங்கைக் கணக்கர் கூட்டிச் சொல்கிறார்: 49 டாலர், 7 சென்ட். படத்தில் என் நெஞ்சை மிகத் தொட்ட இடம் அதுவே.

கார்னெரா வழக்குத் தொடுத்தார். பதினைந்து இலட்சம் டாலர் இழப்பீடு கோரினார். தம் வாழ்க்கையைத் தம் அனுமதியின்றி எடுத்துக்கொண்டார்கள், தம்மை ஏளனத்துக்கு உள்ளாக்கினார்கள் என்பது அவருடைய முறையீடு. பொதுவாழ்வில் புகழ் பெற்றவர் தனிவாழ்வின் மறைவைத் தாமே விட்டுக்கொடுத்தவர் ஆவார் என்று கூறி நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. சட்டம் அறிந்தோர் இதைச் சரியென்பர். அப்படத்தின் நோக்கமும் கெட்டதன்று. குத்துச்சண்டைத் தொழிலின் ஊழலை அது துணிந்து காட்டியது. ஆயினும், ஊழலுக்கு இரையான மனிதரின் வலியை விற்று மற்றொரு முறை பணம் ஈட்டியதும் உண்மையே. அதிலும் அவருக்குப் பங்கில்லை. இவ்விரண்டில் எதன் பக்கம் நிற்பது என்று என்னைக் கேட்டால், படத்தைப் பாராட்டியபடியே நான் கார்னெராவின் பக்கம் நிற்பேன்.

2008இல் இத்தாலிய இயக்குநர் ரென்சோ மார்ட்டினெல்லி, கார்னெராவின் சொந்தப் பெயரிலேயே அவர் வரலாற்றைப் படமாக்கினார். அதைக் காண அவர் இல்லை. நீரிழிவும் கல்லீரல் நோயும் முற்றி, உடல் மெலிந்து, 1967 மே மாதம் அவர் அமெரிக்காவிலிருந்து பிறந்த ஊருக்குத் திரும்பினார். புகழோடு இருந்த நாளில் செக்வால்ஸில் அவர் கட்டிய வீடு காத்திருந்தது. அங்கே ஜூன் 29ஆம் நாள் காலமானார். அவர் உலகப் பட்டத்தை வென்றதும் ஜூன் 29ஆம் நாளே. இடையில் முப்பத்துநான்கு ஆண்டுகள். அந்த வீடு இன்று அவருடைய நினைவுப் பொருள்களைக் காட்டும் கூடமாக இருக்கிறது.